சிப்புக்குள் வளரும் கட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புற்றுநோய்க் கட்டியை ரத்தக்குழாயோடு சேர்த்து ஆய்வகத்தில் சிப் என்ற ஒரு சின்ன ரப்பர்த் துண்டுக்குள் வளர்க்கும் வேலை என்னுடையது என்று போன இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோயாளிகளின் வீடுகளிலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் போட இங்கே இடமில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்ப்பது 70 வருஷமாக நடக்கிறது. மருந்தை அதன்மேல் ஊற்றினால் செல் சாகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே, ரத்தக்குழாய் எதற்கு?
– பணி ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: சார், தெரிந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் தட்டில் ஓயாமல் பெருகின. ஹீலா செல் என்று நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அன்றிலிருந்து மருந்துச் சோதனையின் முதல் படி அந்தத் தட்டுதான். ஆனால் தட்டில் தேறி, எலியிலும் தேறி, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை வந்த புற்றுநோய் மருந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அங்கேயே நின்றுவிடுகின்றன. கடைக்கு வருவதே இல்லை.

காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. தட்டில் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவிக் கிடக்கும். மருந்தை ஊற்றினால் எல்லா செல்லுக்கும் ஒரே அளவு போய்ச் சேரும். உடம்புக்குள் யாரும் மருந்தைக் கட்டியின் மேல் ஊற்றுவதில்லை. கை நரம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தோடு போய், கட்டிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய குழாயை அடைந்து, அதன் சுவரைத் தாண்டி, பிறகு செல்களுக்கு நடுவே கசிந்து போக வேண்டும். குழாய்க்கு ஒட்டினாற்போல் இருக்கும் செல்லுக்கு நிறையக் கிடைக்கும். தள்ளி இருப்பதற்குக் கொஞ்சம்தான். அதையும் தாண்டி இருப்பதற்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

எவ்வளவு தள்ளி? 1955இல் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் கட்டிகளின் மெல்லிய சீவல்களை மைக்ரோஸ்கோப்பில் அளந்தார்கள். ஆக்சிஜன் வரும் இடத்திலிருந்து 150, 200 மைக்ரானைத் தாண்டினால் செல்கள் செத்துக் கிடந்தன. ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் நடுவே, மூச்சுக்குத் திணறிக்கொண்டு, பிரிந்து பெருகாமல் அடங்கிக் கிடக்கும் செல்கள் இருக்கின்றன. கீமோ மருந்துகளில் பல, பிரிகிற செல்லைத்தான் தாக்கும். கதிர்வீச்சு நன்றாக வேலை செய்வதற்கும் ஆக்சிஜன் வேண்டும். அதனால் இரண்டிலிருந்தும் இந்த செல்கள் தப்பிவிடுகின்றன. சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்புவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. தட்டில் இப்படிப்பட்ட செல்லே இருப்பதில்லை.

குழாயின் கதையை ஜூடா ஃபோக்மனிடமிருந்து தொடங்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த இளம் அறுவை மருத்துவர். கப்பலில் ரத்தத்துக்குப் பதிலாக ஹீமோகுளோபின் கரைசலைப் பயன்படுத்தலாமா என்று பார்ப்பது அவருக்குக் கொடுத்த வேலை. உடம்பிலிருந்து தனியே எடுத்த விலங்கின் தைராய்டு சுரப்பிக்குள் அந்தக் கரைசலை ஓடவிட்டு, அதில் புற்றுநோய் செல்களை வைத்துப் பார்த்தார். செல்கள் பெருகின. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் அப்படியே நின்றன. செத்துப்போகவும் இல்லை. அதே கட்டியை எலிக்குள் திரும்ப வைத்தபோது மளமளவென்று வளர்ந்தது. எலியின் உடம்பில் அதற்குப் புதிதாகக் கிடைத்தது ரத்தக்குழாய். கட்டி தனக்கு வேண்டிய குழாயைத் தானே வரவழைத்துக்கொள்கிறது என்று 1971இல் எழுதினார். பெரும்பாலானவர்கள் அதைப் பல வருஷம் ஏற்கவில்லை. அவர் விடவும் இல்லை.

ஆக, குழாய் இல்லாத கட்டியில் மருந்தைச் சோதிப்பது என்றால், ஃபோக்மனின் சுரப்பியில் நின்றுபோன அந்த ஒரு மில்லிமீட்டர் கட்டியைச் சோதிப்பது என்று அர்த்தம். நோயாளியின் உடம்பில் இருப்பது வேறு.

கேள்வி: இதை எப்படித்தான் வளர்க்கிறீர்கள்? படம் இல்லாமலே புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: மூன்று விதமான செல் வேண்டும். ரத்தக்குழாயின் உட்சுவர் செல், அதற்குத் துணை நிற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல், புற்றுநோய் செல்.

முதல் வகை தொப்புள்கொடியிலிருந்து கிடைக்கிறது. 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் அவர் குழுவினரும் எழுதிவைத்த முறையைத்தான் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே செய்கிறோம். குழந்தை பிறந்ததும் வெட்டிய கொடி, குளிர்ந்த உப்புக்கரைசலில் எங்களிடம் வந்து சேரும். வெளுப்பாக, முறுக்கிக்கொண்டு, கையுறை போட்ட கையிலும் வழுக்கும். வெட்டிய முனையில் மூன்று துளை தெரியும். தடித்த சுவரும் சின்ன வாயுமாக இருப்பவை இரண்டு தமனிகள். வாய் அகன்றிருப்பது சிரை. சிரைக்குள் மழுங்கிய ஊசியைச் செருகி, நூலால் கட்டி, வழிகிற நீர் தெளியும் வரை கழுவுவோம். பிறகு கொலாஜினேஸ் என்ற நொதியை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்து, 37 டிகிரியில் 10, 15 நிமிஷம் வைப்போம். உட்சுவர் செல்களின் பிடியை நொதி தளர்த்திவிடும். திறந்து வடித்தால் கலங்கலாக வருமே, அதில்தான் செல்கள். கூடுதல் நேரம் விட்டால் அடியில் இருக்கும் தசைச் செல்களும் சேர்ந்து வந்துவிடும். அதனால் இந்த இடத்தில் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இந்த செல்களைப் பிரித்துப் பிரித்து வளர்த்துக்கொண்டே போகவும் முடியாது. சில தடவைக்கு மேல் போனால் குழாய் கட்டும் குணம் அவற்றிடம் குறைந்துவிடுகிறது.

அடுத்து சிப். பி.டி.எம்.எஸ். என்ற தெளிந்த சிலிக்கோன் ரப்பரில் நுண்ணிய வாய்க்கால்களை அச்சாகப் பதித்து, கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டியது. நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓர் அறை, ஆழம் 100, 200 மைக்ரான். அறையின் இரு பக்கமும் இரண்டு வாய்க்கால். அறைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள்.

செல்கள் தங்குவதற்கு ஒரு தளம் வேண்டுமே. அது ஃபைப்ரின். கையில் வெட்டுப்பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் அதே வலைதான். ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தின் கரைசலில் செல்களைக் கலந்து வைத்துக்கொள்வோம். அதில் த்ராம்பின் என்ற நொதியைச் சேர்த்த கணத்திலிருந்து அது இறுக ஆரம்பிக்கும். கலப்பதற்கும், பைப்பெட்டில் எடுத்து அறைக்குள் செலுத்துவதற்கும் சேர்த்துச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு சின்னக் காற்றுக்குமிழ் உள்ளே போனாலும் அந்தச் சிப் வீண். குமிழ் உட்கார்ந்த இடத்தில் திரவமும் ஓடாது, செல்லும் பிழைக்காது. இந்தத் துறையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், முதலில் குமிழைப் பற்றித்தான் சொல்வார்கள்.

அப்புறம் இன்குபேட்டர். ஒரு பக்க வாய்க்காலின் குழியில் ஊட்டத்திரவத்தை உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் வைப்போம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவது போல, அந்த உயர வித்தியாசத்திலேயே திரவம் ஜெல்லுக்குள் மெல்ல நகரும். மோட்டார் தேவையில்லை. தினமும் வந்து மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. முதல் ஓரிரு நாளில், உருண்டையாக இருந்த செல்கள் நீண்டு ஒன்றையொன்று தேடிப் போகும். பிறகு கை கோத்துக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே வெற்றிடம் உண்டாகி, அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்து குழாயாகும். ஃபைப்ரோபிளாஸ்ட் இல்லாமல் செய்தால் குழாய்கள் கொஞ்ச நாளில் சுருங்கிப் போய்விடும். அவை சுரக்கும் பொருள்கள்தான் குழாயைத் தாங்கிப் பிடிக்கின்றன. புற்றுநோய் செல்களை உருண்டையாகத் திரட்டி முதலிலேயே ஜெல்லில் சேர்ப்பதும் உண்டு. குழாய் வலை வந்த பிறகு சேர்ப்பதும் உண்டு. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு வாரம் போல ஆனதும், ஒளிரும் சாயம் ஏற்றிய டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளின் கரைசலை ஒரு பக்கத்து வாய்க்காலில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். இருட்டாக இருக்கும் திரையில் இடது ஓரம் பச்சையாகும். அந்தப் பச்சை ஒரு கிளைக்குள் நுழைந்து, இரண்டாகப் பிரிந்து, கட்டியைச் சுற்றிக்கொண்டு, வலது பக்க வாய்க்காலில் போய் இறங்கும். குழாய்க்கு வெளியே பச்சை கசியவில்லை என்றால் சுவர் நன்றாக இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் இதுதான். யாரும் வழி போட்டுத் தரவில்லை, செல்களே கட்டிக்கொண்டவை.

இந்த வழியில் நிறைய செய்திருப்பவர்கள் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹியூஸ் குழுவினர். 2016இல் குழாய் வலையால் உயிர்வாழும் நுண்கட்டிகளை வெளியிட்டார்கள். 2021இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கீமோவைச் சிப்பிலும், தட்டிலும், செல் உருண்டையிலும் சோதித்து, எலியில் கிடைத்த பலனோடு ஒப்பிட்டார்கள். எலிக்குள் இருந்த கட்டியின் நடத்தைக்குக் கிட்டே வந்தது குழாயுள்ள சிப்தான்.

கேள்வி: தொப்புள்கொடி எடுப்பது அந்தத் தாய்க்குத் தெரியுமா? பிரசவ வார்டில் 20 வருஷமாக இருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: தெரிந்தே ஆக வேண்டும், சிஸ்டர். மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்த ஒப்புதல் படிவத்தில் தாய் கையெழுத்துப் போட்டால் மட்டுமே கொடி வரும். வலி எடுத்த பிறகு நீட்டிக் கையெழுத்து வாங்குவதை நான் ஒப்புதலாகவே கருதமாட்டேன். மாதப் பரிசோதனைக்கு வரும்போதே அவருடைய மொழியில் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் பெயர் எங்களிடம் வராது, ஓர் எண் மட்டும் வரும். காசு கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. மேலே சொன்ன ஹென்ரியட்டா லாக்ஸிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய செல்கள் உலகம் முழுக்கப் போனது அவர் குடும்பத்துக்கு 20 வருஷத்துக்கும் மேலாகத் தெரியாது. அதை ஒரு பழைய கதையாக நினைத்து எங்களால் கடந்து போக முடியாது. எங்களிடம் சேரும் மாணவர்களுக்கு பைப்பெட் பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன்னால் இதைச் சொல்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலிலும் இருக்கிறது. பயாப்சித் துண்டை உங்களிடம் கொடுத்தால், அதை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்வீர்களா? செலவு எவ்வளவானாலும் பரவாயில்லை.
– பெயர் வெளியிட விரும்பாதவர், சேலம்

பதில்: தம்பி, இன்றைக்கு என்னால் அதைச் செய்து தர முடியாது. ஏன் என்று முழுக்கச் சொல்லிவிடுகிறேன், வேறு எங்காவது இதற்காக அலைந்து நாளைக் கழிக்காமல் இருப்பதற்காக.

பயாப்சியில் கிடைப்பது ஒரு சின்ன நார் அளவு. அதிலிருந்து எடுத்த செல்கள் எல்லாருக்கும் வளர்ந்துவிடுவதில்லை. வளர்ந்தாலும் வாரக்கணக்கில் ஆகும். அம்மாவின் கீமோ அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அடுத்தது, சிப்பில் இருக்கும் குழாய் வேறு ஒருவருடைய தொப்புள்கொடியிலிருந்து வந்தது. பிறந்த குழந்தையின் சிரைச் சுவரும், 58 வயதானவரின் குடல் கட்டியில் இருக்கும் குழாயும் ஒன்றில்லை. மூன்றாவது, சிப்பில் கல்லீரல் கிடையாது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரினோடெக்கன் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கல்லீரலில் வேறொரு பொருளாக மாறிய பிறகுதான் வீரியமாக வேலை செய்யும். அதை நேரடியாகச் சிப்பில் விட்டு, கட்டி சாகவில்லை, ஆகவே இந்த மருந்து உங்கள் அம்மாவுக்கு வேண்டாம் என்று நான் சொன்னால் அது பெரிய தப்பாகிவிடும்.

குழாய் இல்லாமல், நோயாளியின் செல்களை உருண்டையாக வளர்க்கும் ஆர்கனாய்டு முறை இதைவிடக் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. 2018இல் லண்டன் குழு ஒன்று குடல், இரைப்பைப் புற்றுநோய்களில் செய்த சிறிய ஆய்வில், ஆர்கனாய்டில் கேட்காத மருந்து நோயாளிக்கும் கேட்கவில்லை. ஆர்கனாய்டில் கேட்ட மருந்து 88 சதவீதம் நோயாளிக்கும் கேட்டது. நம்பிக்கை தரும் எண்தான். ஆனாலும் அது இன்னும் ஆய்வுக் கட்டத்தில் இருக்கிறது. கட்டி எந்த மருந்துக்குச் சாகும் என்று உறுதியாகச் சொல்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்தப் பயாப்சித் துண்டை வைத்து நிஜமாகவே பயன்படும் சோதனைகள் இருக்கின்றன. மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். ராஸ் மரபணுவில் மாற்றம் உண்டா? இருந்தால் செடுக்சிமாப் போன்ற மருந்துகள் பெரும்பாலும் பலன் தராது, அந்தச் செலவும் பக்கவிளைவும் மிச்சம். பிராஃப் மரபணுவில் மாற்றம் உண்டா என்று பார்த்தார்களா? எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. சோதனை (கட்டியின் செல் தன் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்திக்கொள்கிறதா என்று பார்ப்பது) செய்தார்களா? அதில் குறிப்பிட்ட முடிவு வருபவர்களுக்கு, பரவிய நிலையிலும் கீமோவைவிட இம்யூனோதெரபி, அதாவது நோய் எதிர்ப்பு சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, நன்றாக வேலை செய்கிறது. 2020இலிருந்து அதை முதல் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள். அந்த முடிவு வருபவர்கள் குறைவு, ஆனால் பார்க்காமல் விட்டால் தெரியாமலே போகும். கடைசியாக, கல்லீரலில் இருப்பதை அறுவை செய்ய முடியுமா என்று ஒரு கல்லீரல் அறுவை மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள். கீமோவில் சுருங்கிய பிறகு எடுக்க முடிகிற நிலை சிலருக்கு வருகிறது. உங்கள் அம்மாவுக்கும் வர வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

கேள்வி: குழாய்தான் கட்டிக்குச் சோறு போடுகிறது என்றால், குழாயை அடைத்துவிட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடாதா?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பதில்: ஃபோக்மனும் இதைத்தான் கேட்டார். கட்டி, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை வெளியே விட்டு, பக்கத்துக் குழாய்களைத் தன் பக்கம் கிளைக்கவைக்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்து வைக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளில் பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக ஆனது. ஒரு குடும்பத்துக்கு அந்த ஐந்து மாதம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எதிர்பார்த்தது அதைவிட அதிகம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த அனுமதியை, ஆயுள் நீளவில்லை என்று 2011இல் திரும்பப் பெற்றார்கள்.

ஏன் இப்படி? ஒரு புரதத்தை அடைத்தால் கட்டி வேறொன்றைச் சுரக்கிறது. சில கட்டிகள் புதுக்குழாய்க்குக் காத்திருப்பதே இல்லை, அந்த உறுப்பில் ஏற்கெனவே இருக்கும் குழாயைச் சுற்றிப் படர்ந்துகொள்கின்றன. இன்னொரு காரணத்தைச் சொன்னவர் ராகேஷ் ஜெயின். கான்பூர் ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்கா போனவர், பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருக்கிறார். கட்டிக்குள் இருக்கும் குழாய்கள் கோணல்மாணலாக, ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கும். ஒழுகிய நீர் வடிய வழியில்லாமல் கட்டிக்குள் அழுத்தம் ஏறி, மருந்து உள்ளே நுழையவிடாமல் தள்ளும். அதனால் குழாயை முழுக்க அழிப்பதைவிட, அளவாக மருந்து கொடுத்து ஒழுகலை நிறுத்தினால் கீமோ உள்ளே நன்றாகப் போகும் என்று 2001இல் எழுதினார். எனக்கு இது மிகவும் பிடித்த வாதம். மருந்து எவ்வளவு, எத்தனை நாள் கொடுத்தால் குழாய் சீராகும், எப்போது அது அழிய ஆரம்பிக்கும் என்று நாள்நாளாகப் பார்ப்பதற்கு, கண்முன்னே குழாய் இருக்கும் ஒரு சிப் எவ்வளவு உதவும் என்று நான் விளக்கவே வேண்டாம். நோயாளியின் கட்டியைத் தினமும் திறந்து பார்க்க முடியுமா?

கேள்வி: புற்றுநோய் பரவுவதை இதில் கண்ணால் பார்க்கலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பார்க்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோஜர் காம் குழுவினர் இதற்கென்றே சிப் செய்து, செய்முறையையும் எல்லோரும் பின்பற்றும்படி வெளியிட்டிருக்கிறார்கள். புற்றுநோய் செல்லுக்கு ஒரு நிறத்தில் சாயம், குழாய்ச் சுவருக்கு வேறு நிறம். செல்களைக் குழாய்க்குள் ஓடவிடுவோம். பல அடித்துக்கொண்டு போய்விடும். சில, குறுகலான கிளையில் சிக்கி நிற்கும். சிக்கிய செல் முதலில் சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே மெல்லிய நீட்சி ஒன்றை வெளியே விடும். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காதது போல் இருக்கும். பிறகு செல்லின் உடம்பு அந்த வழியாக வெளியே போகத் தொடங்கும். கடைசியில் மாட்டிக்கொள்வது உட்கரு. செல்லிலேயே விறைப்பான பகுதி அது. நசுங்கி, நடுவில் இடுப்புப் பிடித்து, திடீரென்று வெளியே வந்துவிடும். சுவர் மறுபடி மூடிக்கொள்ளும். இதெல்லாம் சில மணி நேரத்துக்குள். புற்றுநோயில் இறப்பவர்களில் பெரும்பாலானோரின் உயிரைப் பறிப்பது முதலில் வந்த கட்டியைவிட இந்தப் பரவல்தான். அந்த நொடியைத் தடுக்க ஒரு மருந்து இருந்தால் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

கேள்வி: ஆய்வகத்தில் இருக்கும் புற்றுநோய் செல் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா?
– எட்டாம் வகுப்பு மாணவர், உடுமலைப்பேட்டை

பதில்: ஒட்டாது கண்ணா. இன்னொருவருடைய செல் என் உடம்புக்குள் போனால், என் நோய் எதிர்ப்பு சக்தி அதை அந்நியம் என்று கண்டுபிடித்து அநேகமாக எப்போதும் அழித்துவிடும். மனித ரத்தம், திசு எதிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால்தான் கையுறையும் கோட்டும் போடுகிறோம்.

கேள்வி: இனி எலி, முயலைக் கொல்ல வேண்டியதில்லை என்று செய்தி படித்தேன். உண்மையா?
– விலங்குநல ஆர்வலர், கோயம்புத்தூர்

பதில்: சட்டம் திறந்துவிட்டது, வேலை முடியவில்லை. மனிதர்களிடம் சோதிப்பதற்கு முன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் 1938இலிருந்து இருந்த கட்டாயத்தை, 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் நீக்கியது. இந்தியாவிலும் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளை 2023 மார்ச்சில் திருத்தி, சிப், ஆர்கனாய்டு போன்ற முறைகளுக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டுமே விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. வேறு வழியில் காட்டினாலும் ஏற்கலாம் என்கின்றன. ஒரு மருந்து மூளைக்கு, இதயத்துக்கு, கருவுக்கு என்ன செய்யும் என்பதை ஒரு கட்டியும் சில குழாயும் உள்ள சிப்பால் சொல்ல முடியாது.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சீரம், பசுவின் வயிற்றில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஆர்கனாய்டு வளர்க்கும் மேட்ரிஜெல் என்ற ஜெல், எலியில் வளர்த்த ஒரு கட்டியிலிருந்து வருவது. எங்கள் சிப்புக்கு விலங்கே தேவைப்படவில்லை என்று யாராவது சொன்னால், சீரமும் ஜெல்லும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். சீரம் இல்லாத ஊட்டத்திரவம், செயற்கை ஜெல் இரண்டிலும் பலர் உழைக்கிறார்கள். அவை கைக்கு வர வேண்டும் என்பது எங்கள் ஆசையும்கூட. நீங்கள் கேட்கும் காரணத்தோடு எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சீரமும் மேட்ரிஜெல்லும் ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் மாறும். போன மாதம் வந்த குழாய் இந்த மாதம் வராமல் போவதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி: மேடம், நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். உங்கள் வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்? டாக்டர் ஆக வேண்டுமா?
– மாணவி, கரூர்

பதில்: டாக்டராக வேண்டியதில்லை, ஆனாலும் வரலாம். நானும் தமிழ் மீடியம்தான். இந்தத் துறையில் உயிரியல் படித்தவர்கள் பாதி, இன்ஜினியரிங் படித்தவர்கள் பாதி. பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங், கெமிக்கல் இன்ஜினியரிங், இயற்பியல், எதிலிருந்தும் வர வழி உண்டு. சிப்புக்குள் திரவம் எப்படி ஓடும் என்று கணக்குப் போட ஒருவர் வேண்டும், செல்லின் குணம் தெரிந்த ஒருவரும் வேண்டும். பி.எஸ்சி. படிக்கும்போதே கோடை விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் இருக்கின்றன. இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை அதில் ஒன்று. முதலில் போன இடத்தில் செல் வளர்ப்பு கற்றுக்கொள்ளுங்கள். சுத்தமாக வேலை செய்யப் பழகுவதுதான் அதில் பாதி. கணக்கை விட்டுவிடாதீர்கள், உயிரியலுக்குக் கணக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரையை முதலில் படிக்கும்போது ஒன்றும் புரியாது. படங்களையும் படத்துக்குக் கீழே எழுதியிருப்பதையும் மட்டும் முதலில் படியுங்கள், பிறகு செய்முறையைப் படியுங்கள், முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் இந்தப் பத்திரிகைக்கே எழுதுங்கள், பதில் போடுகிறேன்.